16ஆம் அத்தியாயம்

தன்பாலீர்ப்பைப் பற்றி வேதாகமம் என்ன சொல்கிறது என்று 1996க்குப் பிறகு அமெரிக்காவில் இறையியல் படித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். ரிச்சர்ட் ஹேஸின் பெயர் வராமல் பேச்சு முடிவது அபூர்வம். மெதடிஸ்ட் போதகர், புதிய ஏற்பாட்டு அறிஞர்; யேலில் கற்பித்தவர், பிறகு டியூக் பல்கலைக்கழக இறையியல் பள்ளியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர். 1996இல் வெளிவந்த அவருடைய ‘த மாரல் விஷன் ஆஃப் த நியூ டெஸ்டமென்ட்’ தடிமனான புத்தகம். அதை முழுதாக வாசித்தவர்களைவிட, அதன் 16ஆம் அத்தியாயத்தை மட்டும் வாசித்தவர்களே அதிகம் இருக்கக்கூடும்.

அந்த அத்தியாயம் ஒரு நண்பரின் மரணத்தோடு தொடங்குகிறது. கல்லூரிக் காலத்து நெருங்கிய தோழர், தன்பாலீர்ப்பாளர், எய்ட்ஸ் முற்றிய நிலையில் விடைபெற்றுப் போக வந்திருந்தார். இருவரும் சேர்ந்து ஜெபித்தார்கள், வேதத்தை வாசித்தார்கள். இந்த ஈர்ப்பில் தவறே இல்லை என்று வாதிட்ட அன்றைய கிறிஸ்தவ நூல்கள் அந்த நண்பருக்கே திருப்தி தரவில்லை. வசனங்களைத் தமக்கு வசதியாக வளைக்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

ஹேஸ் மேடைப் பிரசங்கிகளைப் போல முழங்கியவர் அல்லர். அவர் எழுத்து எடுபட்டதற்கு அதுவும் ஒரு காரணம். சோதோமின் கதை இந்த விவாதத்துக்குச் சம்பந்தமே இல்லாதது என்று முதலிலேயே தள்ளிவிட்டார். அங்கே நடக்கவிருந்தது விருந்தாளிகள் மீதான கும்பல் வன்முறை. எசேக்கியேல் 16ஆம் அதிகாரமோ சோதோமின் அக்கிரமத்தைப் பெருமை, வயிறார உண்ட கொழுப்பு, ஏழைக்குக் கை நீட்டாமை என்றே சொல்கிறது. லேவியராகமத்தின் தடைகளை மட்டும் வைத்து ஒரு கிறிஸ்தவருக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். வேதாகமம் இந்த விஷயத்தைப் பேசுவதே மிகக் குறைவு என்றார். அதற்குப் பிறகுதான் ரோமர் முதல் அதிகாரத்துக்கு வந்தார். பவுல் அங்கே சொல்வதைச் சுற்றிப் போக வழியில்லை; ஆதியாகமத்தில் ஆணும் பெண்ணுமாகப் படைக்கப்பட்டதும், இயேசு அதையே எடுத்துச் சொல்வதும் அதற்குப் பின்னணியாக நிற்கின்றன. ஆகவே சபை இவர்களை அன்போடு அரவணைக்கட்டும், ஆனால் திருமணத்துக்கு வெளியே இருப்பவர்கள் எல்லாரையும் போல இவர்களும் இச்சையடக்கத்தோடு வாழட்டும் என்பது முடிவு.

வெறுப்பில்லாத மறுப்பு. இரவல் வாங்கிக்கொள்ள இதைவிட வசதியானது ஏது?

அதே புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் முன்னால் போனால் 14ஆம் அத்தியாயம். வன்முறை பற்றியது. கிறிஸ்தவர் எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்கக் கூடாது, ‘நியாயமான போர்’ என்ற வாதத்துக்குப் புதிய ஏற்பாட்டில் இடமில்லை என்று இன்னும் உறுதியாக அங்கே எழுதியிருக்கிறார். 15ஆம் அத்தியாயம் விவாகரத்து. இயேசுவின் வாயிலிருந்தே நேரடியாகக் கடுமையான வார்த்தை வந்திருக்கும் இடம் அது. ஆனாலும் மறுமணத்துக்கு ஹேஸ் கதவை முழுவதும் அடைக்கவில்லை. 16ஐ மேற்கோள் காட்டிய சபைகளில் எத்தனை, 14ஐப் படித்துவிட்டு இராணுவத்தில் இருக்கும் தம் உறுப்பினர்களிடம் போய் வேலையை விடச் சொல்லின? புத்தகம் ஒன்று, ஆசிரியர் ஒருவர், ஆய்வு முறையும் ஒன்றுதான். எந்த அத்தியாயம் அடுத்தவரை மட்டும் கட்டுமோ அது பரவியது.

இதெல்லாம் ஏட்டுச் சண்டையாக நின்றுவிடவில்லை. அவருடைய சொந்தச் சபையான யுனைடெட் மெதடிஸ்ட் சபை, தன்பாலுறவு கிறிஸ்தவப் போதனைக்குப் பொருந்தாது என்ற வரியை 1972இல் தன் சட்ட நூலில் சேர்த்தது. பென்சில்வேனியாவில் ஊழியம் செய்த ஃபிராங்க் ஷேஃபர் என்ற போதகர், 2007இல் தன் மகனுக்கும் அவருடைய துணைவருக்கும் திருமணம் நடத்திவைத்தார். 2013இல் சபை அவரைப் பதவி நீக்கியது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அவர் திரும்பி வந்தார். 2019இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய சிறப்பு மாநாடு, பழைய தடையை இன்னும் இறுக்கும் திட்டத்தை 438க்கு 384 என்ற வாக்கில் நிறைவேற்றியது. பிறகும் சச்சரவு ஓயாமல், அமெரிக்காவில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சபைகள் பிரிந்துபோயின. 2024 மே மாதம் சார்லட் நகரில் கூடிய பொது மாநாடு, தன்பாலீர்ப்பாளர்கள் குருவாவதற்கு இருந்த தடையை 692க்கு 51 என்று நீக்கியது. 1972இன் அந்த வரியும் அதே மாநாட்டில் போயிற்று.

அதே 2024, செப்டம்பர். ஹேஸ் தன் மகன் கிறிஸ்டோஃபர் ஹேஸுடன் சேர்ந்து எழுதிய ‘த வைடனிங் ஆஃப் காட்ஸ் மெர்சி’ வெளிவந்தது. மகன் கலிபோர்னியாவின் ஃபுல்லர் இறையியல் பள்ளியில் பழைய ஏற்பாட்டுப் பேராசிரியர். தன்பாலினத் திருமணம் செய்துகொண்ட மாணவர்களை வெளியேற்றியதற்காக 2019இல் வழக்கைச் சந்தித்த பள்ளி அது. வழக்கில் பள்ளியே வென்றது. தந்தையும் மகனும் சேர்ந்து சொன்னது இதுதான்: தன்பாலீர்ப்பாளர்களைச் சபை எந்தக் குறையும் வைக்காமல், திருமணம் உட்பட, ஏற்க வேண்டும்.

பழைய சர்ச்சைக்குரிய வசனங்களை ஹேஸ் புதிதாக வியாக்கியானம் செய்திருப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அந்த வசனங்களின் பொருளைப் பற்றி அவர் திரும்ப வாதாடவே இல்லை. அவை சொல்வதாக முன்பு நினைத்ததையே இப்போதும் சொல்கின்றன. ஆனால் வேதாகமம் முழுவதிலும் ஓடும் கதை வேறு என்கிறார். எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன்னால் வந்து, ஆண் வாரிசு இல்லை என்பதற்காக எங்கள் தகப்பனின் பங்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சட்டத்தை மாற்றுகிறார். உபாகமம் சபைக்கு வெளியே நிறுத்திய அண்ணகர்களை ஏசாயா 56 உள்ளே அழைக்கிறது. அப்போஸ்தலர் 15இல், விருத்தசேதனம் இல்லாத புறஜாதியாரை அப்படியே சேர்த்துக்கொள்வது என்று எருசலேமில் கூடி முடிவெடுக்கிறார்கள். இரக்கம் விரிந்துகொண்டே போகிறது, இங்கேயும் அது விரிகிறது என்பது வாதம்.

விமர்சகர்களும் சும்மா இருக்கவில்லை. கடினமான வசனங்களோடு மல்லுக்கட்டாமல் தாண்டிப்போனதுதான் பெரிய குறையாகச் சொல்லப்பட்டது, நியாயமான குறைதான். அப்போஸ்தலர் 15 வேறு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. புறஜாதியாரை வரவேற்று எருசலேம் கூட்டம் அனுப்பிய அதே கடிதம் வேசித்தனத்துக்கு விலகியிருக்கவும் சொல்கிறது. பழைய நிலைப்பாட்டுக்காரர்கள் அதைச் சுட்டிக்காட்டினால் மறுக்க முடியாது. ஆனால் அதே வரியில் இரத்தத்துக்கும் விலகியிருக்கச் சொல்லியிருக்கிறது. நம்மூரில் ஞாயிறு ஆராதனை முடிந்து கறிக்கடைக்குப் போய், ஆட்டு ரத்தத்தையும் பொரியலுக்கு வாங்கிவரும் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. இந்த வசனத்தைச் சொல்லி அதைத் தொடாத பெந்தெகொஸ்தே வீடுகளும் உண்டு. ஒரே வரியில் எந்தப் பாதி இன்றும் கட்டும், எந்தப் பாதி அந்தக் காலத்தோடு போயிற்று என்பதை வரி தானாகச் சொல்வதில்லை. யாரோ தீர்மானிக்கிறார்கள். தீர்மானிப்பவருக்கு அதனால் இழப்பு ஏதுமில்லை என்றால், தீர்மானம் சுலபமாகவே வருகிறது.

ஹேஸுக்கு இழப்பு இருந்தது. தன் பெயர் நின்ற புத்தகத்தின் ஒரு பகுதியைத் தானே தள்ளிவைத்தார். 2015இல் கணையப் புற்றுநோய் கண்டு, முதல்வர் பொறுப்பிலிருந்து விலகியவர்; காலம் அதிகமில்லை என்று அறிந்தவர். சபைக்கு உள்ளும் வெளியிலும் இருந்த தன்பாலீர்ப்பாளர்களின் வேதனையைவிடத் தன் அறிவுப் பணியே தனக்குப் பெரிதாக இருந்துவிட்டது என்று புதிய நூலில் வருந்தி எழுதினார். பேராசிரியர்கள் இப்படி எழுதுவது அரிது. பெரும்பாலும் ‘என் கருத்து வளர்ந்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். 2025 ஜனவரி 3ஆம் தேதி அவர் இறந்தபோது, புத்தகம் வந்து நான்கு மாதம்கூட முழுமையாக ஆகியிருக்கவில்லை.

ஆனால் அவர் வருத்தம் எல்லாரிடமும் ஒரே மாதிரி போய்ச் சேராது. வீட்டைவிட்டும் சபையைவிட்டும் துரத்தப்பட்டவருக்கு அது காலம் கடந்த ஆறுதல். அந்த அத்தியாயத்தை நம்பி, காதலையும் குடும்பத்தையும் வேண்டாம் என்று வைத்து, இருபது வயதிலிருந்து ஐம்பது வரை தனியாக வாழ்ந்தவருக்கு? ‘நான் சொன்னது தவறு’ என்று ஆசிரியர் சொல்லும்போது அந்த முப்பது ஆண்டுகள் யார் கணக்கில் சேரும்? மனம் மாறுவது ஆசிரியரின் உரிமை. சொன்னபடி வாழ்ந்தவருக்கு அப்படி ஒரு இரண்டாம் பதிப்பு கிடையாது.

இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்கும் என்று எண்ணுவதையும் ஒருவர் தடுக்கிறார். வெஸ்லி ஹில், ஆங்கிலிக்கன் குரு, மிச்சிகனில் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதையும், விசுவாசத்தின் பொருட்டுத் துறவு வாழ்வை ஏற்றிருப்பதையும் 2010இல் ‘வாஷ்ட் அண்ட் வெய்ட்டிங்’ என்ற சிறு புத்தகத்தில் வெளிப்படையாக எழுதினார். ஹேஸின் பழைய அத்தியாயத்திலிருந்து உரம் பெற்றவர்களில் அவரும் ஒருவர். அவர் எழுத்தில் தனிமையின் வலி மறைக்கப்படவில்லை. இதை யாரும் தன் தலையில் கட்டினார்கள் என்ற புகாரும் இல்லை. 2015இல் நட்பைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார்: திருமணம் இல்லாதவருக்கும் உறுதிமொழியால் கட்டிய உறவு வேண்டும், அதைத் தரும் கடமை சபைக்கு உண்டு, துறவை மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது என்று. ஹேஸ் நிலை மாறியபோது ஹில் தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் கேட்ட அந்த உறவைத் தந்திருக்கிறோமா என்று, துறவைக் கேட்கும் சபைகள்தான் சொல்ல வேண்டும்.