சேம்பும் ஐரிசும்

சேம்பு ஈரத்தை நாடுவது; ஐரிசிலும் சில வகைகள் அவ்வாறே. சேம்பை நாம் கிழங்குக்காகப் பயிரிடுகிறோம். ஐரிசை மேனாட்டார் மலருக்காகப் போற்றுகின்றனர். ஒன்று பயனுக்கு, மற்றது அழகுக்கு என்று பிரித்துவிடலாமா?

சேப்பங்கிழங்கு பச்சையாக நாவில் பட்டால் அரிக்கும்; அதிலுள்ள ஆக்சலேட் ஊசிப் படிகங்களே காரணம். புளியிட்டு வேகவைக்கும் நம் தாய்மார் அந்நூல்களைப் படித்தவர்கள் அல்லர்! அதே சேம்பை மேனாட்டில் பலர் அகன்ற இலையின் அழகுக்காகவே வளர்க்கின்றனர். ஐரிசு வகை சிலவற்றின் வேர்த்தண்டோ, ஆண்டுக்கணக்கில் உலர்ந்த பின்னரே மணம் பெற்று நறுமணப் பொருளாகிறது. ஆக, பயனும் அழகும் செடியில் எழுதியிருப்பவை அல்ல. நாம் இட்ட பெயர்கள்.

செடியளவில் இதனால் கேடில்லை. மனிதரையும் இவ்வாறே அளக்கிறோம் என்பதுதான் உறுத்துகிறது. 1889-இல் பிரான்சின் சான் ரெமி மனநோயாளர் விடுதியில் சேர்ந்த வின்சென்ட் வான் கோ, அத்தோட்டத்து ஐரிசு மலர்களை ஓவியமாக்கினார். அவ்வோவியம் 1987-இல் 5 கோடி டாலருக்கும் மேல் விலைபோயிற்று. அதனால்தான் அவர் மதிப்புக்குரியவர் என்போமாயின், அவ்விடுதியில் எதுவும் வரையாமலே வாழ்ந்து மடிந்த நோயாளியை என்னென்பது? நம் வீட்டு மூலையில் படுத்திருக்கும் முதியவரை என்னென்பது?