சான்றிதழ் கேட்ட மதுக்கடை

2021 செப்டம்பர் தொடக்கத்தில் நீலகிரி மாவட்டத்தில் ஒரு புதிய விதி வந்தது. டாஸ்மாக் கடையில் மது வாங்க வேண்டுமானால் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான சான்றைக் காட்ட வேண்டும். மாவட்டத்தில் 97 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டுவிட்டதாக நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. மிச்சமிருந்தவர்களில் சிலர், தாங்கள் குடிப்பவர்கள் என்பதால் ஊசி போட முடியாது என்று ஒதுங்கியிருந்தார்கள். அப்படியானால் குடியையே ஊசியோடு முடிச்சுப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தது நிர்வாகம்.

செய்தி நாடு முழுக்கப் பரவியது. சிலர் சிரித்தார்கள், பலர் பாராட்டினார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதில் அமுங்கிப்போயிற்று. கொள்ளைநோய்க் காலத்தில் ஒருவர் உடம்பில் மருந்தைச் செலுத்துவதற்காக, அவருக்கு வேண்டிய வேறொன்றை அரசு பிடித்துவைத்துக்கொள்ளலாமா?

நிர்வாகத்தின் பக்கத்து நியாயத்தை முதலில் முழுதாகக் கேட்டுவிட வேண்டும். தேயிலை எஸ்டேட்டுகளின் லயன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அது சொல்லாமலே விளங்கும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். இந்த வீட்டு இருமல் அந்த வீட்டுக்குக் கேட்கும். தண்ணீருக்குப் பொதுக்குழாய். விடிந்ததும் எல்லோரும் சேர்ந்தே மலைக்குப் போகிறார்கள். கொழுந்து எடை போடும் இடத்தில் மூட்டையும் முதுகுமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே ஒருவர் 'என் உடம்பு, என் இஷ்டம்' என்று சொன்னால், பக்கத்து வீட்டுக் கிழவியின் மூச்சுக்கும் சேர்த்துத்தான் அவர் முடிவெடுக்கிறார். கிழவிக்கு மூச்சு முட்டினால் மலைப்பாதையில் கோவைக்கு இறக்க வேண்டும். ஊட்டியிலிருந்து அது மூன்று மணி நேரப் பயணம், கூடலூர்ப் பக்கம் என்றால் இன்னும் கூடும். இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் ஓர் ஆட்சியர், கடைசி மூன்று விழுக்காட்டையும் ஊசிக்குக் கொண்டுவர எந்தக் கதவையும் தட்டத்தான் செய்வார்.

சட்டமும் அவருக்குக் கை கொடுக்கும். பம்பாயில் பிளேக் பரவியபோது அவசரமாக இயற்றப்பட்ட 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம் நான்கே பிரிவுகளோடு வந்தது. தேவையென்று தோன்றும் கட்டுப்பாட்டை அரசு விதிக்கலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தோடு நடந்த அதிகாரி மீது வழக்கு இல்லை. சாரம் அவ்வளவுதான். நோயாளிக்கு அரசு என்ன செய்யக் கடமைப்பட்டது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்த ஆண்டே புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து நடத்திய சோதனைகளால் கிளம்பிய கோபம், பிளேக் அதிகாரி ராண்டைச் சபேகர் சகோதரர்கள் சுட்டதில் போய் முடிந்தது. அதற்குப் பிறகும் அந்தச் சட்டம் அதிகம் மாறாமல் கிடந்து, 2020-ல் தூசு தட்டி எடுக்கப்பட்டது.

இத்தனை நியாயங்களையும் ஏற்றுக்கொண்ட பிறகும் இந்த ஆணை நெருடுகிறது. காரணம், அது யார் மேல் போய் விழுந்தது என்பதில் இருக்கிறது.

தயங்கியவர்களின் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று, மக்களுக்கு அச்சம் போக வேண்டும் என்பதற்காகவே எல்லோர் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்துபோனார். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. நடுவிலிருந்த ஆறு மாதமும் அந்த அச்சத்தோடு வாழ்ந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, ஊசி போட்டால் ஓரிரு நாள் காய்ச்சல் அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு அது விடுப்பு. தினக்கூலிக்காரருக்கு இரண்டு நாள் அடுப்பு எரியாது. குடிப்பவர் ஊசி போடலாமா கூடாதா என்பதும் மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து பேசினால் தெளிந்துவிடக்கூடிய சந்தேகம்தான். சந்தேகத்துக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் தடை வந்து நின்றது.

அதிலும் மதுவைத் தேர்ந்தெடுத்ததுதான் கூடுதலாக உறுத்துகிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. குடிப்பழக்கத்திலிருந்து வருவாய் எடுக்கும் அதே அரசு, அந்தப் பழக்கத்தின் பிடியைக் கொண்டே ஒருவரை ஊசி முகாமுக்கு இழுக்கிறது. கை நடுக்கத்தோடு கவுன்டரில் நிற்பவர் 'சரி, போட்டுக்கொள்கிறேன்' என்று சொல்வதைச் சம்மதம் என்று எந்த மருத்துவ அறமும் ஏற்காது. குடிக்கு அடிமையானவருக்கு அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. 2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது கேரளத்தில் நேர்ந்த தற்கொலைகளால், மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அம்மாநில அரசே ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது தனிக்கதை.

மது என்ன அடிப்படை உரிமையா என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் பிடித்துவைக்கப்படும் பொருள் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை வைத்து இதை எடை போட முடியாது. ரேஷன் அரிசியை இப்படி நிறுத்தியிருந்தால் எல்லோரும் கொதித்தெழுந்திருப்பார்கள். மது என்பதால், குடிகாரர்தானே என்பதால், மனம் கொதிக்கவில்லை. மரியாதை குறைந்தவர்களிடம் வற்புறுத்தல் முதலில் செல்லுபடியாகிறது. அங்கே பழகிய கை பிறகு மற்றவர்களிடமும் நீளும். அதே ஆண்டு நவம்பரில் மாநிலமெங்கும் பொது இடங்களுக்கு வருபவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது.

இதே நீலகிரியில், இதே ஆண்டில், இதே ஆட்சியர் ஜெ. இன்னசென்ட் திவ்யாவின் காலத்தில் வேறொரு வழியும் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே பேச வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட ஆறு இனத்தவரும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். 2021 ஜூன் இறுதிக்குள் 18 வயது நிரம்பிய பழங்குடியினர் 20,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டதாக மாவட்டம் அறிவித்தது. அந்த ஜூன் தொடக்கத்தில்தான் தமிழ்நாட்டில் ஊசி இருப்பே தீர்ந்து முகாம்கள் நின்றுபோயிருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். ஊசி என்றதும் காட்டுக்குள் போய்விட்டவர்களும் அவர்களில் உண்டு. மருத்துவக் குழுக்கள் அவர்களைத் தேடிப் போயின. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து, குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, யானைத் தடம் பார்த்து நடக்க வேண்டிய ஊர்கள் அவை. அவர்கள் பேச்சு தெரிந்தவர்களை உடன் அழைத்துப் போய், திண்ணையில் உட்கார்ந்து, மூத்தவர்களிடம் முதலில் பேசி, வேண்டாம் என்றால் திரும்பி வந்து, மறுபடி போய்த்தான் அந்த வேலை நடந்தது.

கூடலூர்ப் பகுதியில் அதற்கு நிலம் முன்பே பண்பட்டிருந்தது. அங்கே 1990 முதல் அஸ்வினி அமைப்பு ஆதிவாசிகளுக்காக மருத்துவமனை நடத்துகிறது. பணியர், குறும்பர் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்திருக்கிறது. தன் ஊர்ப் பெண் கையில் ஊசியைப் பார்ப்பதற்கும், முன்பின் தெரியாத சீருடைக்காரர் கையில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு முப்பது ஆண்டு உழைப்பில் உண்டானது. அதைக் கொள்ளைநோய் வந்த வாரத்தில் உண்டாக்க முடியாது.

இங்கும் ஒரு சங்கடத்தை மறைக்கக் கூடாது. 'நூறு விழுக்காடு' என்று ஒரு இலக்கு வைத்துவிட்டால், வேண்டாம் என்று சொன்னவரின் சொல் எங்கே பதிவாகும்? கணக்கு முடிய வேண்டும் என்ற அவசரம் கனிவான பேச்சையும் கொஞ்சம் நெருக்குதலாக்கிவிடும். என்றாலும், பேசிப் பேசிச் சம்மதிக்கவைப்பதில் ஒருவருக்கு மறுக்க வழி இருக்கிறது. மறுத்தாலும் அவர் எதையும் இழப்பதில்லை. கவுன்டரில் நிற்பவருக்கு அந்த வழி இல்லை.

உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் இதைச் சட்ட மொழியில் சொன்னது. உடலின் மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும், யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது. பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது அளவோடு இருக்க வேண்டும். போடாதவரிடமிருந்துதான் நோய் கூடுதலாகப் பரவுகிறது என்பதற்கு அரசுகள் சான்று வைக்காததால், அப்போதிருந்த கட்டாயங்கள் அளவு மீறியவை என்றது தீர்ப்பு. ஒருவேளை நாளை வரும் நோயில் அந்தச் சான்று கிடைக்கலாம். அப்போது தராசு மறுபக்கம் சாயும். சாய்ந்தாலும், அதற்கு முன் அரசு தன் கடமையைச் செய்ததா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

இந்தக் கடமையை நம் முன்னோர் எழுதியே வைத்திருக்கிறார்கள். 1939-ல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், நோயாளியை மருத்துவமனைக்கு அப்புறப்படுத்தும் அதிகாரத்தைத் தந்த அதே கையால், நகராட்சிகள் தங்கள் வருவாயில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் எழுதியது. அதிகாரமும் கடமையும் ஒரே சட்டத்தில் இருந்தன. 2020 செப்டம்பரில் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்க்கப்பட்டவை அபராதங்கள்: முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய். முப்பது விழுக்காட்டைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. வெறிநாய்க்கடி மருந்தில் தொடங்கி, நாட்டுக் குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசி வரை அங்கே தயாரானது. தயாரிப்புத் தரத்துக்கேற்ற வசதிகள் இல்லை என்று 2008 ஜனவரியில் மத்திய அரசு அதன் உரிமத்தை நிறுத்திவைத்தது; கிண்டி, கசௌலி அரசுத் தடுப்பூசி நிறுவனங்களும் அதே நாளில் மூடப்பட்டன. வசதிகளைச் செய்து கொடுக்க வேண்டியதும் அதே அரசுதான். உரிமம் திரும்பி வர 2010 ஆயிற்று. செங்கல்பட்டில் கட்டி முடித்த தடுப்பூசி வளாகமோ 2021 மே மாதத்திலும் ஊசி எதையும் தயாரிக்காமல் கிடந்தது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்தது, அதன் 700 படுக்கை மருத்துவமனை 2025 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. மருத்துவமனையை முன்பே கட்டாத அரசு, ஊசியைக் கையில் வைத்திராத அரசு, கடைசியில் குடிமகனிடம் சான்று கேட்கும்போது தன் பற்றாக்குறையின் சுமையை அவன் தலையில் ஏற்றுகிறது. ஆயத்தம் என்பதை நிர்வாகத் திறமை என்று மட்டும் பார்க்கிறோம். வற்புறுத்துவதற்கான தகுதியே அதிலிருந்துதான் வருகிறது.

அடுத்த சோதனை அதிகத் தொலைவில் இல்லை. 2024 ஜூலையில் மலப்புறத்தில் நிபா வந்தபோது கேரள எல்லையை ஒட்டிய நாடுகாணி சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்த்தார்கள். நீலகிரியின் பந்தலூர் மக்கள் அவசரமென்றால் போவது எல்லை தாண்டிச் சுல்தான் பத்தேரிக்கு. 2020 மார்ச்சில் கர்நாடகம் தலப்பாடியில் சாலையை அடைத்தபோது, மங்களூரு மருத்துவமனைகளை நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் சிலர் சிகிச்சை கிடைக்காமல் இறந்தார்கள். பாதையைத் திறக்கச் சொல்லக் கேரள உயர் நீதிமன்றம் வேண்டியிருந்தது. எந்த நோய் வந்தாலும் பந்தலூர் ஆம்புலன்ஸ் நிறுத்தப்படாது என்றும், ஊசிக் காய்ச்சலில் கிடக்கும் இரண்டு நாளுக்கும் எஸ்டேட் கூலி உண்டு என்றும் இன்றைக்கே எழுதி வைக்க தமிழ்நாடு, கேரள அரசுகளுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் எந்தத் தடையும் இல்லை.