"தெரியாது" என்றால் தீர்ந்ததா?



நம் எளாவூருக்கு அண்மையிலுள்ள பழவேற்காட்டில் 2018-ஆம் ஆண்டு மே மாதம் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஊருக்குப் புதியவரான ஒருவர், பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டு, பாலத்தில் தொங்கவிடப்பட்டார். அதே வாரத்தில் போளூர்ப் பக்கம், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியும் அடிபட்டு மாண்டார். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாகப் பரவிய வாட்ஸ்அப் வதந்தியே இதற்கு வித்து.

அடித்தவர்கள் குற்றவாளிகள், ஐயமில்லை. செய்தியை அனுப்பியவர்? "பொய்யென்று எனக்குத் தெரியாது, பிள்ளைகளைக் காக்கவே அனுப்பினேன்" என்பார். இது போதுமா?

அறியாமை இருவகைப்படும். எவ்வளவு முயன்றும் அறிய இயலாதது ஒன்று. விசாரித்தால் அறிந்திருக்கக்கூடியது மற்றொன்று. முந்தியது குற்றத்தை நீக்கும், பிந்தியது நீக்காது. அவ்வாண்டு பரவிய ஒரு படத்தில், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். அது கராச்சி நகரில், பெற்றோரை எச்சரிக்க எடுத்த நடிப்பு. குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

"கலாசாலையில் படிக்கும் என் மகன் பார்த்துச் சரியென்றான்" என்று சிலர் ஆறுதல் கொள்வர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கேளுங்கள். 25 மாணவர், 10 சரித்திரப் பண்டிதர், செய்தியின் மெய்ப்பொய் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேர் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் காட்டினர். மாணவரும் பண்டிதரும் பக்கத்தின் நேர்த்தியான தோற்றத்தைக் கண்டு பலமுறை ஏமாந்தனர். சோதனைக்காரரோ அப்பக்கத்தை விட்டு வெளியேறி, வெளியிட்டவர் யார், பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினர். விரைவில் உண்மையைக் கண்டனர்.

இது நமக்குப் புதிதன்று. படகு வாங்குகிறவர் புது வர்ணத்தையும் விற்பவர் பேச்சையும் நம்பிப் பணம் கொடுப்பதில்லை; குப்பத்தில் நாலு பேரிடம் விசாரிக்கிறார். பணத்துக்குக் காட்டும் கவனத்தை அயலான் உயிருக்குக் காட்டலாகாதா? வடநாட்டுத் தொழிலாளர் பலர் இன்று கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உழைக்கிறார்களே!

"விசாரிப்பதற்குள் பிள்ளை போய்விட்டால்?" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான அச்சமே. அப்படியானால் போலீசுக்குச் சொல்லுங்கள், 1098-க்குப் பேசுங்கள். அவர்கள் விசாரிப்பார்கள். நூறு பேருக்கு அனுப்பினால் விசாரிப்பவர் எவருமிலர். கோபங்கொள்பவர் நூறு பேர்.

வாலிபரே, வீட்டில் உங்களிடந்தான் "இது மெய்யா?" என்று கேட்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் தலையசைக்காதீர்கள். "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்பது படித்தவர்க்கு இழுக்கன்று. முன்னே சொல்லும் "தெரியாது" ஓர் உயிரைக் காக்கும். பின்னே சொல்லும் "தெரியாது" இறந்தவரை எழுப்பாது.