புதைத்த பெயர்கள்

செத்துப்போன ஒரு சுண்டெலியை ஒரு ஜோடி வண்டு மண்ணுக்குள் இறக்கிவிடும். முடியை அகற்றி, உடலை உருண்டையாக்கி, சீக்கிரம் அழுகாமலிருக்கத் தங்கள் உடற்சுரப்பைப் பூசி, அந்த இறைச்சியையே தங்கள் புழுக்களுக்கு ஊட்டும். 1758-இல் லின்னேயஸ் இதில் ஒரு வகைக்கு சில்ஃபா வெஸ்பில்லோ என்று பெயர் வைத்தார். பண்டைய ரோமில் ஏழைகளின் பிணத்தை இரவில் தூக்கிப்போகிற ஆளுக்குப் பெயர் வெஸ்பில்லோ.

1775-இல் ஃபாப்ரீசியஸ் இவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்து, 'பிணம் சுமப்பது' என்ற பொருளில் நிக்ரோஃபோரஸ் என்றார். கிரேக்கத்தில் பிணம் என்பது 'நெக்ரோஸ்'. அவர் எழுதியதோ 'நி'. பின்னால் வந்தவர்கள் நெக்ரோஃபோரஸ் என்று திருத்தி, நூறு வருஷத்துக்கும் மேல் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் விலங்குப் பெயரிடல் விதிப்படி, கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவரும்போது நேர்ந்த பிழையைத் திருத்தக்கூடாது; முதலில் அச்சானதுதான் செல்லும். ஆகவே இன்று சரியான பெயர், தப்பாக எழுதிய அந்தப் பெயர்தான்.

2002-இல் சைக்ஸ், மேட்ஜ், நியூட்டன் மூன்று பேரும் இந்த வண்டுகளின் உலகப் பட்டியலை வெளியிட்டார்கள். உயிரோடிருக்கும் இனங்கள் சுமார் 70. பட்டியலோ 304 பக்கம்! செல்லாத பெயர்களும் அதில் நிறைய இடத்தை அடைக்கின்றன. முதுகில் ஆரஞ்சுப் பட்டை கொஞ்சம் மெலிந்தாலோ, புள்ளியாக உடைந்தாலோ அந்தக் காலத்தில் ஒரு புதுப்பெயர் வைத்துவிடுவார்கள். பட்டியல் போடுகிறவர் அது ஒவ்வொன்றையும் தேடி, யார், எந்த வருஷம், எந்தப் பக்கத்தில் வைத்தார் என்று எழுதி, "இது இன்ன இனத்தின் இணைப்பெயர்" என்று குறிக்க வேண்டும்.

தப்பென்று தெரிந்ததை எதுக்குச் சுமக்கணும்? எங்கள் தொழிலில் பயன்படாத கோடை யோசிக்காமல் அழிப்போம். அழிக்கிற தைரியம் எங்கிருந்து வருது? பழைய வெர்ஷன் எல்லாம் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்பதிலிருந்துதான்.

வட அமெரிக்காவின் ஒரு வண்டைப் பாருங்கள். 1837-இல் வில்லியம் கிர்பி அதற்கு ஹெபிஸ் என்று பெயர் வைத்தார். பிற்பாடு, ஐரோப்பாவில் சாதாரணமாகக் கிடைக்கும் வெஸ்பிலாய்டிஸ்தான் இதுவும் என்று முடிவாகி, ஹெபிஸ் இணைப்பெயர் வரிசைக்குப் போனது. ஐரோப்பாவில் அது காட்டு வண்டு. கனடாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலுமோ பாசி படர்ந்த சதுப்புநிலத்தை விட்டு நகராத வண்டு. 2016-இல் சைக்ஸ், டிரம்போ, பெக் ஆகியோர் இரண்டும் வேறு இனம் என்று காட்டி, ஹெபிஸ் என்ற பெயரையே திரும்ப எடுத்தார்கள். இதில் சைக்ஸ், 2002 பட்டியலைப் போட்டவர்களில் ஒருவர்.

எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் அது பட்டியலா, பரணா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பட்டியல் மழுப்புவதில்லை. இது செல்லும், இது செல்லாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறது. கூடவே, தோற்ற பெயரையும் அது எங்கிருந்து வந்தது என்ற விவரத்தையும் விட்டுவைக்கிறது. நாளைக்கு ஒருவர் வந்து, "நீங்க சொன்னது தப்பு" என்று நிரூபிக்கத் தேவையானதை அவர் கையிலேயே கொடுக்கிறது. தீர்ப்புச் சொல்வது வேறு, தீர்ப்பை யாரும் கேள்வி கேட்க முடியாதபடி தடயத்தை அழிப்பது வேறு. நம்மில் பலர் சக மனிதர்களைப் பற்றி முடிவெடுக்கும்போது இரண்டாவதைத்தான் செய்கிறோம்.

இதில் இழப்பு பெயரோடு நிற்காது. ஹெபிஸ் வெறும் இணைப்பெயராக இருந்தவரை, ஒரு சதுப்புநிலம் வற்றி அந்த வண்டு அங்கே இல்லாமல் போனாலும், ஏட்டில் அது ஐரோப்பியக் காடுகளில் சுகமாகத்தான் இருந்திருக்கும்.