யார் செய்த பிழை?

எங்கள் ஊரில் பிறந்த ஒரு குழந்தை, முதற்பால் ஊட்டியதுமே நுரைதள்ளி மூச்சுத்திணறி நீலம்பாரித்தது. பேராதனைக்குக் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிள்ளை வீடு வந்தபின் பார்க்கப் போயிருந்தேன்.

"கிரகணத்தில வெளிய போனவ. அதான் புள்ளக்கி இப்படி" என்றா மாமி. மருமகள் தலைநிமிரவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கும் நான், தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மூச்சு செல்லும் வாதனாளியும் உணவு செல்லும் களமும் கருவில் ஒரே குழாயிலிருந்துதான் உருவாகின்றன. நாலாம் வாரமளவில் அவை பிரியத் தொடங்கும். அப்பிரிவு பிசகினால், பெரும்பாலும் களத்தின் மேற்பகுதி மூடிக்கொள்ள, கீழ்ப்பகுதி வாதனாளியோடு இணைந்துவிடுகிறது. ஏறத்தாழ 3000 முதல் 4000 பிறப்புகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது. அந்த நாட்களில், தான் கர்ப்பிணி என்பதே பல தாய்மாருக்குத் தெரிந்திராது. கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

முன்பெல்லாம் இக்குழந்தைகள் அநேகமாக இறந்தே போயின. 1941இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கமரன் ஹெய்ட் என்ற வைத்தியர், அறுந்த களத்தை நேரடியாகப் பொருத்தி ஒரு குழந்தையைக் காப்பாற்றினார். அவர் தேடியது பிழை செய்தவரை அல்ல, பிழைக்கும் வழியை.

காரணம் வேறு, குற்றம் வேறு. துயரம் வந்தால் காரணம் தேடுவது மனித இயல்பு. ஆனால் அது கிடைக்காதபோது, பக்கத்திலிருக்கும் பெண்ணைக் குற்றவாளியாக்கி ஆறுதலடைகிறோம்.

மாமி அறியாமல் பேசினா. நான் அறிந்திருந்தும் மௌனமாயிருந்தேன். அந்த வீட்டில் பிழை செய்தவர் யாரென்று கேட்டால், என்னைத்தான் காட்டவேண்டும்.