கொடுத்த கையும் பிடித்த கையும்



அன்புக்கொடி மக்களே, ஒருவனைக் கீழே அமுக்கி வைத்திருக்கும் கையே அவனுக்குக் கல்வியும் கடனுதவியும் கொடுத்தால், அதைத் தர்மம் என்று சொல்லலாமா?

இது வெறும் பேச்சுக்காகக் கேட்பதல்ல. நம் கம்பம் பள்ளத்தாக்கும் அன்று மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடக்கே தொடங்கி, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் வந்தது. பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். பிரமலைக் கள்ளர் வீட்டில் பிறந்த ஆண்மகன், களவு செய்தாலும் செய்யாவிட்டாலும், கைவிரல்களை மையில் தோய்த்து வைக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்களைப் போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். மாயக்காள் என்ற தாயும் அவர்களில் ஒருவர்.

அந்தக் காலத்தில்தான் கள்ளர் சீரமைப்பு என்ற திட்டமும் வந்தது. பள்ளிக்கூடம், விடுதி, கூட்டுறவுச் சங்கம், கடனுதவி எல்லாம் கொடுத்தார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. அங்கே படித்து முன்னுக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ. பள்ளியைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. படிப்பு யார் கொடுத்தாலும் படிப்புதான். ஆனால் பகலில் பிள்ளைக்குச் சிலேட்டைக் கொடுத்தவன், இரவில் அதன் தகப்பனைச் சாவடிக்குக் கூப்பிட்டான். நீ திருத்தப்பட வேண்டியவன் என்பதே அந்த உதவிக்குப் பின்னால் இருந்த எண்ணம். சட்டம் 1947-இல் நம் மாகாணத்தில் போய்விட்டது. சீரமைப்பு என்ற சொல் மட்டும் பலகையில் ஒட்டிக்கொண்டது.

அதே காலத்தில் வேறொரு கையும் நீண்டது. செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப். 1924-இல் வைக்கம் போராட்டத்தில் சிறை போனவர். ரேகைச் சட்டத்தை எதிர்த்து எழுதினார், மக்களுக்காக வழக்காடினார். அவரை ரோசாப்பூ துரை என்று அந்த மக்கள் கொண்டாடினார்கள். அவர் சாதியும் வேறு, மதமும் வேறு. ஆனால் திருந்த வேண்டியது சட்டம், மக்கள் அல்ல என்று சொன்னார்.

துவையல் தவசில் அய்யாவும் ஒழுக்கம் கற்பிக்கவில்லையா என்று ஒரு அன்பர் கேட்டார். கற்பித்தார்தான். ஆனால் தலைவரியும் ஊழியமும் தோள்சீலைத் தடையும் பட்ட அதே மக்களில் ஒருவராக இருந்து கற்பித்தார். குனிந்து நின்றவனைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். முத்திரிக்கிணற்றில் எல்லோரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கச் சொன்னார். யாரிடமும் அடையாளம் கேட்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன்னே ஜீப்பில் மலையேறும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். பிள்ளை நடுவில் நிற்க, பெரியவர்கள் இருபுறமும் நின்று போட்டோ எடுக்கிறோம். பணம் அனுப்புகிறவர் பார்க்க வேண்டாமா என்கிறார்கள். ரேகை வாங்குவதும் இதுவும் ஒன்றல்ல, அப்படிச் சொன்னால் அநியாயம். ஆனாலும் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை அந்தப் படத்தில் கண்ணைத் தாழ்த்தி நிற்கிறாள். அந்தப் படம் அவள் வகுப்பில் எல்லோர் வீட்டு செல்போனிலும் போகிறது. நம் அன்னதர்மத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனைப் போட்டோ எடுத்தா சோறு போடுகிறோம்?

கடை ரசீதை அனுப்பினால் பணம் கொடுத்தவருக்குக் கணக்கு தெரிந்துவிடும். நோட்டுகளைத் தாங்கல் திண்ணையில் அடுக்கிவைத்தால் பிள்ளைகள் வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இரண்டு மடங்கு எடுத்துப் போனால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். வீட்டில் தம்பி தங்கை இருக்கும், எடுத்துப் போகட்டும். வருகிற முதல் ஞாயிறு உச்சிப் பணிவிடை முடிந்ததும் இதைப் பேசி முடிவு செய்ய இருக்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அவசியம் வாருங்கள்.