உன் பெயரைத் துப்பிய வரி

தம்பி, தங்கச்சி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. எழுத்தாலேயே நடக்கும், பலர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டு ஒன்றுக்குள் நுழைகிறாய். படம் இல்லை, சத்தம் இல்லை, வெறும் கறுப்புத் திரை. உன்னை எந்தப் பெயரால் அழைப்பது என்று அது கேட்கிறது. உன் பெயரைத் தமிழில் அடித்து என்டரைத் தட்டுகிறாய். ஒரு சொல்லும் சொல்லாமல் தொடர்பை அறுத்துவிடுகிறது. என்ன செய்வாய்?

"தமிழுக்கு இதெல்லாம் சரிவராது" என்று மூடிவைத்துவிட்டுப் போகிறவர்கள் வெள்ளவத்தையில் சந்திக்குச் சந்தி நிற்கிறார்கள். நீயும் அங்கே போய் நிற்காதே. அந்த விளையாட்டின் வயிற்றைத் திறந்து பார்!

திறக்கலாம். நான் சொல்வது சேர்க்கிள்மட். கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்து பேர் 1990இல் தொடங்கிய டிக்குமட் என்ற விளையாட்டை எடுத்து, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மாணவரான ஜெரமி எல்சன் 1993இல் செப்பனிட்டு வெளியிட்டது. சி மொழியில் எழுதிய மூலநிரல் முழுவதும் எல்லாருக்கும் கிடைக்கிறது. அந்தக் காலத்துக் கணினிக்கு எழுதியது. வீட்டின் மூலையில் தூசு பிடித்துக் கிடக்கும் மடிக்கணினியே அதற்குத் தாராளம்.

இனி உன் பெயரைத் துப்பிய வரிக்கு வருவோம். நீ அடிப்பதை வாங்கும் நிரல் 'கொம்.சி' என்ற கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பைட்டையும் அது 'இஸ்ஆஸ்கி', அதாவது 127க்குள் அடங்குகிறதா என்று கேட்டுப் பார்த்தே உள்ளே விடும். யுனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. மூன்றும் 127ஐத் தாண்டியவை. 'அம்மா' என்று அடித்தால் பதினைந்து பைட்டும் குப்பைக்கு. மிஞ்சுவது வெறுமை. பெயர் வெறுமையானால் தொடர்பை அறு என்று இன்னொரு வரி சொல்கிறது. இவ்வளவுதான் விஷயம். உன் மொழியை வெறுத்து எவரும் இதை எழுதவில்லை. எழுதியவர் உன்னைப் போல ஒருவரைச் சந்தித்ததில்லை. அதற்குப் போய் நீ ஏன் கூனிக் குறுகுகிறாய்?

திருத்து. 127ஐத் தாண்டியவற்றையும் உள்ளே விடு. 255ஐ மட்டும் தடு. அது டெல்நெட் என்ற இணைப்பு முறையின் சொந்தக் குறி, யுனிகோட் தமிழில் வரவே வராது. மறுபடி தொகுத்து ஓட்டு. இம்முறை "பெயர் செல்லாது" என்று பதில் வரும். சோர்ந்து போகாதே, துள்ளிக் குதி! முன்பு ஊமையாக அறுத்தது இப்போது வாய் திறந்து மறுக்கிறது. பெயரைச் சோதிக்கும் பகுதி ஆங்கில எழுத்தா என்று பார்க்கிறது, அதையும் மாற்று. அடுத்தது நீளம்: பெயருக்கு இருபது பைட்டுத்தான். 'கொற்றவை' இருபத்தொன்று. ஒரே ஒரு பைட்டால் வாசலில் நிற்கிறாள். எண்ணைக் கூட்டு.

உள்ளே வந்த பிறகும் ஒரு கூத்து இருக்கிறது. ஆட்டக்காரரின் பொருட்களைப் பெயரின் முதலெழுத்துப்படி கோப்புறைகளில் போடுகிறது: ஏ முதல் ஈ வரை ஒன்று, இப்படி யூ முதல் இசெட் வரை. எதிலும் அடங்காதவர்களுக்குக் கடைசியில் 'இசெட்இசெட்இசெட்' என்றொரு கோப்புறை. தமிழ்ப் பெயர்கள் முழுக்க அங்கேதான் போய் விழும். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. உனக்கும் கோபம் வரட்டும். வந்தால் அகரத்துக்கு ஒரு கோப்புறை போடு.

இதற்கெல்லாம் பெரிய மூளை வேண்டும் என்பாய். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ இந்த வகையின் முதல் விளையாட்டைத் தொடங்கியபோது அவரும் ஒரு மாணவர். அவர் விட்ட இடத்தில் தொடர்ந்த ரிச்சர்ட் பார்ட்டிலும் மாணவர். 1987இல் ஏபர்மட்டை எழுதிய அலன் கொக்ஸ் பின்னாளில் லினக்ஸ் கருவைப் பராமரித்த முன்னணிக்காரர்களில் ஒருவர். சுவீடனின் லார்ஸ் பென்ஷோ கதை இன்னும் நல்லது. நல்ல சாகசம் ஒன்றைத் தன்னால் கட்ட முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கவில்லை. அதனால் ஆட்டத்துக்குள் இருந்தபடியே மற்றவர்கள் கட்டுவதற்கு ஒரு நிரல்மொழியைச் செய்து கொடுத்தார். 1989இன் எல்பிமட் அப்படிப் பிறந்தது. இயலாமையையே இயந்திரமாக்கிய மனிதர்!

வெளிநாட்டுக் கதை வேண்டாமா? காலி வீதியில் நீ ஏறும் 101ஆம் இலக்கப் பஸ் மொறட்டுவைக்குத்தான் போகிறது. அங்கே கட்டுபெத்தையிலுள்ள பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், கூகுளின் 'சமர் ஒஃப் கோட்' திட்டத்தில் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிகம் தெரிவானவர்கள். யாரோ எழுதிய திறந்த நிரலுக்குள் புகுந்து திருத்துவதுதான் அந்தத் திட்டத்தின் வேலை. டியூட்டரிக் குறிப்பை மனப்பாடம் செய்து அதற்குள் நுழைய முடியாது.

இனி ஊரைக் கட்டு. சேர்க்கிள்மட்டில் புதிதாக வருகிறவன் கண் விழிப்பது மிட்கார்ட் என்ற நகரத்துக் கோயிலில், 3001ஆம் இலக்க அறையில். அதை ஏன் அப்படியே விட வேண்டும்? கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரத்தின் கருங்கல் மண்டபத்தில் எழும்பட்டும். ஒரு வாசல் ஜம்பட்டா வீதிக்குப் போகட்டும், இன்னொன்று கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்துக்கு. சந்தைச் சதுக்கத்தை வெள்ளவத்தைச் சந்தையாக்கு, ரயில் பாதையைத் தாண்டினால் கடல். இலக்கம், பெயர், வர்ணனை, வாசல்கள், எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பு. பெயரின் முடிவிலும் வர்ணனையின் முடிவிலும் ஓர் அலைக்குறி. மறந்தால் சேவையகம் எழும்பாது. ஐந்து தடவை மறப்பாய். ஆறாம் தடவை கை தானாகப் போடும்.

ஒன்றை மட்டும் தொடாதே: முன்னவர்களின் பெயர்களை. நுழைவுத் திரையில் அவற்றைக் காட்ட வேண்டும், இதை வைத்து இலாபம் பார்க்கக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. அவர்கள் பெயரின் கீழே உன் பெயரைத் தமிழில் போடு.

இன்றிரவே 'கொம்.சி'யைத் திற. 'இஸ்ஆஸ்கி' என்று தேடு. அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது.